மூஞ்சி கீழே இருக்கணும்மா

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையில், கோட்டூர்புரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த தரைத்தள வீட்டில் அடையாற்றுத் தண்ணீர் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு சேற்றை வாரிக் கொட்டிவிட்டுச் சமையலறையைப் பார்த்தால், மேடைக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவுகள் எல்லாம் ஓரத்தில் உப்பிப் பிளந்திருந்தன. ஒரு கதவைக் கையில் பிடித்து இழுத்தேன். உள்ளே இருந்த பலகை நனைந்த புட்டுமாவு மாதிரி உதிர்ந்து விழுந்தது. மேலே ஒட்டியிருந்த மைக்கா மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல், துடைத்தால் புதுசு போலப் பளபளத்தது.

அந்த மைக்காத் தகட்டைக் கழுவி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் முகம் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. போனதெல்லாம் அறுத்த ஓரங்கள் வழியாகத்தான். கீழ் ஓரம், கீல் பதித்த குழி, பூட்டுக்குத் துளைத்த ஓட்டை என்று மெஷின் பட்ட இடமெல்லாம் தண்ணீருக்கு வாசலாகிவிட்டது.

மூன்று வருடம் கழித்து மயிலாப்பூரில் மாதா கோவில் பக்கம் இரண்டாம் மாடி ஃபிளாட்டுக்கு வந்தோம். அங்கே அடுப்பு இருக்கும் பக்கம் கருப்பு கிரானைட் மேடை. எதிர்ப்பக்கம் இரண்டு சுவருக்கு நடுவே ஆறடிக்குச் சற்று மேல் வெறும் இடம். அத்தைக்கு அங்கே கிரைண்டர், மிக்ஸி, காபி ஃபில்டர் எல்லாம் வைக்க ஒரு மேடை வேண்டும். என் வீட்டுக்காரர் கடப்பாக்கல் போட்டுவிடலாம் என்றார். வாடகை வீட்டில் கல் பதித்தால் காலி செய்யும்போது அது வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான். பலகை என்றால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துப் போகலாம். அதனால் மைக்கா ஒட்டிய பலகை மேடைதான் என்று முடிவு செய்தேன். அறுப்பதையும் நானே செய்வதென்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு தி.நகரில் தங்கை வீட்டில் ஒன்று, அடையாறு காந்தி நகரில் தோழி வீட்டில் ஒன்று என, எங்கள் மேடையோடு சேர்த்து மூன்று மேடை அறுத்தாகிவிட்டது. அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் சமையலுக்கு அடுப்புப் பக்கம் கல்தான் சரி. கொதிக்கிற குக்கரையும் எண்ணெய்ச் சட்டியையும் இறக்கி நேராக மேடையில் வைக்கிற பழக்கம் நம்முடையது. மைக்கா அதைத் தாங்காது; கொப்புளம் போல எழும்பிவிடும், இல்லாவிட்டால் வட்டமாகக் கருகிவிடும். எதிர்ப்பக்க மேடைக்கு, மாவரைக்கிற, காய் நறுக்குகிற, டப்பா அடுக்குகிற இடத்துக்கு மைக்கா தாராளமாகப் போதும். இந்த எல்லையைத் தாண்டாமல் இருந்தால் அது பல வருடம் உழைக்கும்.

மைக்கா என்று நாம் சொல்வதில் அப்பிரகம் ஒரு துளியும் கிடையாது. 1912இல் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓ’கானர் என்ற இருவர், மின்சாதனங்களில் மின்காப்புக்கு வைக்கிற அப்பிரகத்துக்கு மாற்றாக இந்தத் தகட்டை உண்டாக்கினார்கள். அப்பிரகத்துக்கு ஆங்கிலத்தில் மைக்கா என்று பெயர். மைக்காவுக்குப் பதிலாக என்ற பொருளில் ஃபார்மிக்கா என்று பெயர் வைத்து, 1913இல் சின்சினாட்டி நகரில் கம்பெனி ஆரம்பித்தார்கள். நம் ஊரில் சன்மைக்கா என்ற பிராண்டின் பெயரே பொருளுக்கும் பெயராகி, கடைசியில் வெறும் மைக்காவாக நின்றுவிட்டது. உள்ளே இருப்பது காகிதம். ஃபீனாலிக் பிசினில் முக்கிய பழுப்புக் காகிதங்களை அடுக்கி, மேலே மெலமைன் பிசினில் தோய்த்த டிசைன் காகிதத்தை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கியது. அதனால்தான் அது கல் போலக் கடினம், கண்ணாடி போல நொறுங்கும் குணம். அறுக்கும்போது ஓரம் சில்லுச் சில்லாகத் தெறிப்பதற்குக் காரணம் இதுதான்.

பலகை வாங்கப் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலைக்குப் போனேன். பிளைவுட், மைக்கா கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய எண் இரண்டுதான். ஐ.எஸ். 303 என்றால் சாதாரணப் பயன்பாட்டுப் பிளைவுட், ஐ.எஸ். 710 என்றால் மெரைன் பிளைவுட். 710 பலகையின் துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள், ஒட்டுப் பிரியக் கூடாது. கிரைண்டர் கழுவுகிற மேடைக்கு 710தான். முத்திரை பலகையின் முகத்தில் அடித்திருக்கும், மைக்கா ஒட்டுவதற்கு முன்னால் அதை நீங்களே பார்த்துவிடுங்கள். நான் 19 எம்.எம். பலகை எடுத்து, மேலே 1 எம்.எம். மைக்கா, அடியில் வெள்ளை லைனர் என்று இரண்டு பக்கமும் ஒட்டித் தரச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை மெல்ல வளையும். மைக்கா ஒட்டிய பக்கம் ஈரத்தை வாங்காது, ஒட்டாத பக்கம் வாங்கி விரியும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மயிலாப்பூரில் இது சீக்கிரமே தெரிந்துவிடும். லைனருக்கு ஆகிற காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

எட்டுக்கு நாலு பலகை, இரண்டு பக்கமும் மைக்காவோடு 40 கிலோவுக்கு மேல் இருக்கும். பழைய ஃபிளாட்டுகளில் லிஃப்ட் இருந்தாலும் பலகை அதில் நுழையாது, மாடிப்படித் திருப்பத்திலும் எட்டடி திரும்பாது. எனக்கு வேண்டிய அளவை விட இரண்டு அங்குலம் கூட வைத்துக் கடையிலேயே குறுக்கே அறுத்து வாங்கிக்கொண்டேன். அவர்கள் அவசரத்தில் அறுக்கிற ஓரம் சில்லு போயிருந்தாலும் அந்த இரண்டு அங்குலத்தோடு கழிந்துவிடும். மீன்பாடி வண்டியில் பலகை வந்து சேர்ந்தது. அது பங்குனி மாதம், கபாலீசுவரர் கோயில் உற்சவம் நடந்துகொண்டிருந்தது. தேருக்கு மறுநாள் அறுபத்துமூவர். அந்த இரண்டு நாளும் மாடவீதிப் பக்கம் எந்த வண்டியும் வராது என்று தெரிந்ததால் முதல்நாளே இறக்கச் சொல்லிவிட்டேன்.

இனி அளவு. எங்கள் இரண்டு சுவருக்கு நடுவே பின்பக்கம் டேப் பிடித்தால் 1934 எம்.எம்., முன்பக்கம் பிடித்தால் 1921. பதின்மூன்று எம்.எம். வித்தியாசம். ஆசாரிகள் கணக்கில் நாலு நூல். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய மூன்று எம்.எம். மூலமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இடதுபக்கச் சுவர் நேர், வலதுபக்கச் சுவர் முன்னால் வர வர உள்ளே சாய்கிறது. நம் ஊர்ச் சுவர்களில் இது சாதாரணம். பூச்சு வேலையில் மூலைக்கு மூலை சிமென்ட் கூடவோ குறையவோ இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் அளந்துவிட்டு அறுக்கப் போனால் பலகை உள்ளே போகாது, இல்லை ஓரத்தில் விரல் நுழைகிற சந்து விழும்.

அதனால் டேப்பை மட்டும் நம்பாமல் அட்டையில் அச்சு எடுப்பது என் பழக்கமாகிவிட்டது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, மேடை வரப்போகிற உயரத்திலேயே சுவரில் அடித்த ரீப்பர் கட்டை மேல் விரித்தேன். சுவரைத் தொடுகிற அளவுக்குத் தள்ளினால் சில இடம் ஒட்டும், சில இடம் விலகி நிற்கும். பையனின் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸை எடுத்து, அதிகம் விலகியிருக்கிற இடத்தின் அளவுக்கு விரித்துக்கொண்டு, முள்ளைச் சுவரோடு உரசவிட்டுப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தேன். பென்சில் முனை சுவரின் மேடுபள்ளத்தை அப்படியே அட்டையில் இறக்கிவிடும். அந்தக் கோட்டில் கத்தரித்தால் அட்டை சுவரோடு பசை போட்டது மாதிரி உட்காரும். இரண்டு பக்கமும் இப்படிச் செய்தபின் பக்கத்துக்கு ஒரு நூல் குறைத்தேன். அந்தச் சந்து சிலிக்கானுக்கு.

பின்பக்கம் அகலம், முன்பக்கம் குறுகல் என்றால் பலகை முன்னாலிருந்து தள்ளி உள்ளே போகாது. ஒரு முனையைத் தூக்கிச் சாய்த்து மேலிருந்துதான் இறக்க வேண்டும். அதையும் அட்டையிலேயே செய்து பார்த்துக்கொள்ளலாம். அட்டை இறங்காவிட்டால் பலகையும் இறங்காது.

அறுப்பதற்கு வருகிறேன். முதலில் நான் செய்தது தப்பு. கழிக்கப்போகிற இரண்டு அங்குலத்தில் ஒத்திகை பார்க்கலாமென்று, பலகையை மைக்கா மேலே தெரியும்படி வைத்து, கட்டிங் மெஷினை ஓட்டினேன். அழகாகக் கோடு போட்டிருந்தேன், மெஷினும் கோட்டிலேயே போயிற்று. முடித்துவிட்டுத் தூசியை ஊதிப் பார்த்தால், கோட்டின் இரண்டு ஓரத்திலும் எலி கடித்த மாதிரி சில்லு. வெளிர் நிற மைக்காவின் அடியில் இருக்கும் பழுப்புக் காகிதம் பல்பல்லாகத் தெரிந்தது. சில சில்லு அரிசிமணி அளவு.

எங்கள் தெருவில் கட்டில், பீரோ பழுது பார்க்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறார். அறுபது வயதிருக்கும். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எந்தப் பக்கம் வச்சு அறுத்தீங்க?” என்றார்.

“மைக்காவை மேலே வச்சுத்தான் அண்ணா.”

“மூஞ்சி கீழே இருக்கணும்மா. பல்லு எந்தப் பக்கம் ஏறுதுன்னு பாத்தீங்களா?”

பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, என் மெஷினின் பிளேடைக் கையால் மெல்லச் சுற்றிக் காட்டினார். கையில் பிடித்து ஓட்டுகிற வட்ட ரம்பத்தில் முன்பக்கத்துப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி வெட்டும். பலகைக்குள் நுழையும் இடம் அடிப்பக்கம், வெளியே வரும் இடம் மேல்பக்கம். நுழைகிற பக்கம் மைக்காவுக்குப் பின்னால் முழுப் பலகையும் தாங்கி நிற்கிறது, அதனால் சுத்தமாக வெட்டும். வெளியே வருகிற பக்கம் மைக்காவைத் தாங்க எதுவும் இல்லை. பல் அதைப் பெயர்த்துக்கொண்டு வரும். ஆகவே கண்ணில் படப்போகிற முகம் கீழே இருக்க வேண்டும். ஜிக்ஸாவுக்கும் இதே கணக்கு, அதன் பல்லும் மேல்நோக்கி இழுக்கும்போதுதான் வெட்டும். கைரம்பத்துக்கும் மேஜை ரம்பத்துக்கும் இது நேர் தலைகீழ். அவற்றின் பல் மேலிருந்து கீழே வெட்டுவதால் முகம் மேலே இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மைக்கா அறுப்பதில் பாதி முடிந்தது.

பிளேடையும் மாற்றச் சொன்னார். மெஷினோடு வந்தது 24 பல். பிளைவுட்டை வேகமாக அறுக்க அது நல்லது, மைக்காவுக்கு முரட்டுத்தனம். பிராட்வேக்குப் போய் 60 பல் உள்ள டி.சி.டி. பிளேடு ஒன்று வாங்கினேன். ஏழேகால் அங்குல மெஷின் என்பதால் விட்டமும் நடு ஓட்டையும் ஒத்துப்போகிறதா, பிளேடில் அச்சடித்திருக்கும் சுழற்சி வேகம் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ச் சைட்டுகளில் பலபேர் நாலங்குல மார்பிள் கட்டரில் மரம் அறுக்கிற பிளேடை மாட்டிப் பிளைவுட் அறுக்கிறார்கள். கைக்கு அடக்கம், விலை குறைவு என்பதால் அந்தப் பழக்கம். அது கல் அறுக்கச் செய்த மெஷின். கீழே தானாக மூடிக்கொள்ளும் காப்பு அதில் இல்லை. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். பலகையில் பிளேடு சிக்கினால் மெஷின் பின்னால் துள்ளி வரும், காப்பு இல்லாத பிளேடு அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். அன்றாடம் அதையே பிடிக்கிற தொழிலாளிகளுக்கே விரல் போயிருக்கிறது. வீட்டில் ஒரு மேடைக்காக அதைக் கையில் எடுக்காதீர்கள். காப்புள்ள வட்ட ரம்பம் வாடகைக்குக் கிடைக்கிறது.

சல்வாரில் துப்பட்டா இல்லாமல், தலைமுடியை இறுகக் கட்டி, கண்ணாடியும் என்95 மாஸ்க்கும் போட்டுக்கொண்டுதான் நான் மெஷினைத் தொடுவேன். புடவை என்றால் வேண்டவே வேண்டாம். கையுறை பத்திரம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் சுற்றுகிற பிளேடு கையுறை நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். மைக்காத் தூசியும் மோசம். பிசின் சேர்ந்த பொடி, தொண்டையில் இறங்கினால் இரண்டு நாள் கரகரக்கும். ஆகையால் சமையலறையில் அறுப்பதை நினைக்கவே கூடாது. மொட்டைமாடிதான். பங்குனி, சித்திரை என்றால் மாடியில் யாராவது வடாம் காயவைத்திருப்பார்கள். கீழே இறங்கி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி, வடாம் எடுத்த பிறகு ஆரம்பித்தேன். மத்தியானம் தூங்குகிற பெரியவர்கள் இருக்கிற கட்டடம், அதனால் பத்து மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் சத்தத்தை முடித்துவிட்டேன்.

கரன்ட் எடுக்க மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நம்பாதீர்கள். 1200 வாட் மெஷின் ஓட ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கிளம்பும்போது இன்னும் அதிகம். மாடிப்படி வழியாக நீளமாக வருகிற வயர் தடிமனாக, எர்த் உள்ளதாக, 15 ஆம்ப் பிளக்கோடு இருக்கட்டும். வயர் சூடேறினால் மெஷின் திணறும், திணறினால் பிளேடு பலகையில் நிற்கும், நின்றால் துள்ளும்.

பலகையை இரண்டு ஸ்டூலில் பாலம் போல வைத்து அறுத்தால் கடைசி அங்குலத்தில் துண்டு தொங்கி மைக்கா கிழியும், நடுவில் பலகை தொய்ந்து பிளேடைக் கவ்வும். எனக்கு மிகவும் உதவியது தெர்மோகோல். இரண்டங்குலத் தெர்மோகோல் ஷீட்டைத் தரையில் விரித்து, அதன்மேல் பலகையைக் கவிழ்த்தேன். பிளேடு பலகையைத் தாண்டிக் கால் அங்குலம் தெர்மோகோலில் இறங்கும், அவ்வளவுதான். இரண்டு துண்டும் கடைசி வரை படுத்தே கிடக்கும். அறுத்துக்கொண்டு போகும்போது பின்னால் திறக்கிற வெட்டில் ஒரு சின்ன ஆப்பு சொருகிவைத்தால் அது மூடிப் பிளேடைப் பிடிக்காது.

கவிழ்த்த பலகையில் அட்டையை வைத்துக் கோடு போட வேண்டும். அன்று கோடெல்லாம் போட்டுவிட்டுச் சாப்பிட இறங்கினேன். திரும்பி வந்து பார்த்தபோது அட்டையில் நான் எழுதிவைத்திருந்த ‘மேல்’ என்ற எழுத்து கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம் புரியவில்லை, பிறகு திக்கென்றது. பலகை கவிழ்ந்திருக்கிறது, அட்டை நிமிர்ந்திருக்கிறது. அப்படியே அறுத்திருந்தால் வலதுபக்கச் சாய்வு இடதுபக்கம் போயிருக்கும், ஐயாயிரம் ரூபாய்ப் பலகை வீண். அட்டையில் ‘மேல்’ என்று பெரிதாக எழுதிவையுங்கள். பலகையைக் கவிழ்த்து அறுக்கும்போது அந்த எழுத்து உங்கள் கண்ணில் படக் கூடாது.

நேர்கோட்டில் ஓட்டக் கையை நம்ப வேண்டாம். கொத்தனார் பூச்சைச் சமன் செய்ய வைத்திருக்கும் அலுமினிய மட்டக்கட்டை ஆறடி, எட்டடி நீளத்தில் இருக்கும். பக்கத்தில் வேலை நடந்த கட்டடத்தில் கேட்டு ஒரு மணி நேரத்துக்கு வாங்கிவந்தேன். மெஷினின் அடித்தகட்டு ஓரத்துக்கும் பிளேடுக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு கழிவுத் துண்டில் அறுத்து அளந்துகொண்டு, கோட்டிலிருந்து அவ்வளவு தள்ளி மட்டக்கட்டையைச் சி-கிளாம்ப் போட்டு இறுக்கினேன். பிளேடின் தடிமனும் இரண்டு எம்.எம்.முக்கு மேல் தின்னும், அது கழிகிற பக்கம் போக வேண்டும். கீழே இருக்கிற முகத்தில் அறுக்கும் இடத்தில் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தேன். மெஷினை ஓடவிட்டு, முழு வேகம் வந்த பிறகே பலகையைத் தொடவிட்டு, இழுக்காமல் தள்ளாமல் அது போகிற போக்கில் கூடவே நடந்தேன். அவசரப்பட்டால் சத்தம் மாறும். அந்தச் சத்தம் கனமானால் நாம் அழுத்துகிறோம் என்று அர்த்தம்.

திருப்பிப் போட்டு டேப்பைக் கிழித்தபோது கத்தியால் வெட்டின கேக் மாதிரி ஓரம் நேராக இருந்தது. இரண்டே இடத்தில் கடுகளவு சில்லு. மெல்லிய அரத்தை எடுத்து, மைக்காவிலிருந்து பலகையை நோக்கிக் கீழ்முகமாக மட்டும் தள்ளினேன். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் அரமே மைக்காவைப் பெயர்க்கும்.

காந்தி நகர்த் தோழி வீட்டில் மேடையோடு ஒரு சின்ன சிங்க்கும் வைக்க வேண்டியிருந்தது. சிங்க்குக்கு ஓட்டை போடுவது தனி வேலை. அவள் வீட்டில் முன்பே இருந்த பழைய மேடையில், சிங்க்கின் ஒரு மூலையிலிருந்து சுவர் வரை முடி போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. யாரோ ஓட்டையின் மூலைகளைச் சரியாக நாற்கோணமாக வெட்டியிருந்தார்கள். கூர்மையான உள்மூலையில்தான் இழுவை எல்லாம் வந்து குவியும். மேடை தினமும் நனைந்து காய்ந்து ஒரு மயிரிழை விரிந்து சுருங்கும்போது முதலில் பிளப்பது அந்த மூலைதான். ஆகவே நாலு மூலையிலும் முதலில் அரை அங்குல டிரில் பிட்டால் வட்ட ஓட்டை போட்டேன். முகத்திலிருந்து உள்ளே துளைத்தேன், அடியில் ஒரு மரத்துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஜிக்ஸாவால் ஓட்டையிலிருந்து ஓட்டைக்குக் கோடு இழுத்தேன். மூலை உருண்டையாக நின்றுவிடும். மூன்று பக்கம் அறுத்ததும் குறுக்கே ஒரு ரீப்பரைப் போட்டு நடுத்துண்டோடு ஸ்க்ரூ அடித்துவிட்டேன். இல்லாவிட்டால் நாலாவது பக்கம் முடிகிற நேரத்தில் அந்தத் துண்டு தன் கனத்தில் விழுந்து, மைக்காவையும் கிழித்துக்கொண்டு போகும். சிங்க் பெட்டிக்குள் அட்டை அச்சு ஒன்று இருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தி.நகர் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாலடி மேடை, ஒரே நாளில் முடிந்தது. உஸ்மான் சாலையின் பண்டிகைக் கூட்டத்தில் பலகையைக் கொண்டுபோனதுதான் பெரிய வேலை.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். மேடை அளவாக உட்கார்ந்துவிட்டது என்றதும் பெரும்பாலும் எல்லாரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். முன்பக்கம் கண்ணில் படுவதால் பீடிங் அடிக்கிறார்கள், இல்லை எட்ஜ்பேண்ட் ஒட்டுகிறார்கள். சுவரோடு ஒட்டி மறைந்துபோகிற மூன்று ஓரங்களையும் அறுத்தபடியே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் தேங்குவது அந்த மூன்று ஓரங்களில்தான். கிரைண்டரைக் கழுவி ஊற்றுகிற தண்ணீர் மேடையில் ஓடிச் சுவரோரம் போய் நிற்கும். மாவுத்தண்ணீர் என்றால் புளித்து, பலகைக்குள் பூஞ்சையும் ஏறும். 710 பலகையின் ஒட்டுத்தான் கொதிநீரைத் தாங்கும். உள்ளே இருப்பது மரம், அது தண்ணீர் குடித்தால் ஊதத்தான் செய்யும்.

கோட்டூர்புரத்துக் கதவு மனதில் இருந்ததால் நான் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. அறுத்த ஓரம் ஒவ்வொன்றையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் தூசி துடைத்து, பி.யூ. வார்னிஷ் மூன்று கை பூசினேன். முதல் கை பூசினதும் பலகை அதை உறிஞ்சிவிடும், பூசினதே தெரியாது. தாகம் அவ்வளவு. இரண்டாவது கையில் பாதி நிற்கும். மூன்றாவதில்தான் ஓரம் கண்ணாடி போல மின்னும். ஒவ்வொரு கைக்கும் நடுவே நன்றாகக் காய விட வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் அதற்கு ஒரு நாள்கூட ஆகும். முடிந்தவரை மழைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். முன்பக்கம் தேக்குப் பீடிங் அடித்து அதற்கும் வார்னிஷ். பலகையை இறக்குவதற்கு முன் ரீப்பர் மேல் ஒரு கோடு சிலிக்கான், இறக்கிய பிறகு சுவரோடு சேரும் ஒரு நூல் சந்தில் ஒரு கோடு சிலிக்கான். சந்துக்கு இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுச் சிலிக்கானைப் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பாக இழுத்து, அது இறுகும் முன் டேப்பை உரித்தால் ஓரம் சுத்தமாக வரும். ஸ்க்ரூ ஓட்டைகளிலும் ஒரு சொட்டு விட்டுத்தான் ஸ்க்ரூவை முடுக்கினேன்.

மேடையின் முதல் மழைக்காலம் முடிந்து தை மாதம் அந்த ஆசாரி வேறு வேலையாக வீட்டுக்கு வந்தார். அத்தை அவருக்குக் காபி கொடுத்தார்கள். டம்ளரை வாங்கிக்கொண்டு மேடையைப் பார்த்தார். மேலே பளபளப்பைத் தடவவில்லை. குனிந்து, மேடைக்கு அடியில் கையை விட்டு, சுவரோரமாகக் கடைசி வரை உள்ளங்கையை ஓட்டிக்கொண்டு போனார். வலது மூலையில் கை நின்றது.

“வயர் போற ஓட்டை எப்பம்மா போட்டீங்க?”

“மேடை மாட்டின பிறகு, கிரைண்டர் பிளக்குக்காக.”

“இங்க மட்டும் சொரசொரன்னு இருக்கே.”

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டையின் உள்வட்டத்தில் பலகை வெறுமையாக இருந்தது. அடி லைனர் ஓட்டையைச் சுற்றி ஒரு மோதிரம் போல லேசாக எழும்பியிருந்தது. அன்றே கிரைண்டரை நகர்த்திவிட்டு, வயரை உருவி, இரண்டு நாள் டேபிள் ஃபேனை அடியில் வைத்துக் காயவிட்டேன். மூன்றாம் நாள், பரணில் இருந்த வார்னிஷ் டப்பாவை இறக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் ஓட்டைக்குள் முதல் கை பூசினேன். பூசினதும் உறிஞ்சிவிட்டது.